உப்புப் படகும் பறவைப் படகும்

பெரு நாட்டில், அமேசான் கரை நகரமான இக்கிட்டோஸில், ‘ஆயாபுவா’ என்ற பெயரில் ஒரு பழைய படகு நிற்கிறது. 1906-ல் ஹாம்பர்கில் கட்டப்பட்டது. அமேசான் ரப்பருக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் என்ன விலை சொன்னாலும் கொடுக்க ஆளிருந்த காலம் அது. பிறகு ரப்பர் போயிற்று. இந்த நூற்றாண்டில் அந்தப் படகை எடுத்துச் செப்பனிட்டு, பக்காயா-சமீரியா வனக் காப்பகத்துக்குள் காட்டுயிர் காணப் போகிறவர்களை அதில் ஏற்றிச் சென்றார்கள். பின்னர் ரப்பர் காலத்தைப் பற்றிய மியூசியமாக அதைக் கரையில் நிறுத்திவிட்டார்கள். 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெள்ளக்காடு அந்தக் காப்பகம். இளஞ்சிவப்பு ஓங்கில்கள், கெய்மன் முதலைகள், பஞ்சவர்ணக் கிளிகள். இந்த மாதிரிப் பிரயாணம் இன்று ஒரு தொழிலாகிவிட்டது. பழைய மரம், துலக்கிய பித்தளை, மேல்தளத்தில் பிரம்பு நாற்காலி, விடியற்காலையில் பறவைகள்.

நான் அந்தப் படகைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. ஒரு வங்கி குமாஸ்தாவின் விடுமுறைப் பயணச் சலுகை அவ்வளவு தூரம் நீளாது. படங்களையும் விளம்பரப் பிரசுரங்களையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். படகின் மேல் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. மழைக்காடு, நதி, காட்டுயிர், சரித்திரம் என்று நான்கு சொற்களை ஒரே மூச்சில் அடுக்குகிற அந்தப் பிரசுரங்களில், ஐந்தாவதாக வரவேண்டிய ஒன்று தவறாமல் தவறிப்போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தொல்காப்பியர் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என்று வரிசைப்படுத்துகிறார். ‘செய்தி’ என்பதற்கு உரைகாரர்கள் தரும் பொருள் தொழில். ஒரு நிலத்தின் பறவையும் அந்நிலத்து மனிதன் செய்யும் வேலையும் ஒரே பட்டியலில், ஒரே அந்தஸ்தில் இருக்கின்றன. நெய்தலில் நாரை என்றால் உப்பு விளைத்தலும் உண்டு. உமணர் வண்டியும் உண்டு. இதைப் பண்டிதர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதற்காக வைத்த அட்டவணையாக ஆக்கிவிட்டதால் இதிலுள்ள பார்வை நம் கண்ணில் படாமல் போயிற்று. இந்தப் பட்டியலிலிருந்து செய்தியை மட்டும் உருவி எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது என்ன என்று பழைய ஆசிரியர்கள் யோசித்திருக்க முடியாது. நாம் யோசிக்க முடியும். மிச்சமிருப்பதற்குப் பெயர்தான் காட்டுயிர்ச் சுற்றுலா.

நான் வேலை பார்க்கிற மரக்காணத்தில் இது வெறும் இலக்கணக் கேள்வியாக நிற்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இந்த ஊர் உப்பளங்களைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். சிலர் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வதும் உண்டு. இங்கே நதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழைக்காடும் கிடையாது. இந்தக் கடற்கரைக்கு உரியது உலர் பசுமைமாறாக் காடு என்று தாவர நூல்காரர்கள் சொல்லும் குட்டையான, அடர்த்தியான காடு. அதிலும் மிஞ்சியிருப்பவை கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போலச் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த சில துண்டுகள்தான். ஆனால் ஒரு கால்வாய் இருக்கிறது. அதில் படகுகள் இருந்தன. பறவைகள் இருக்கின்றன.

அந்தக் கால்வாய் பக்கிங்ஹாம் கால்வாய். அதன் தெற்கு முனை மரக்காணம். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது இதன் ஆரம்பம். பிறகு பழவேற்காடு வரை நீண்டது. 1837-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. வடக்கே ஆந்திரத்தில் பெத்தகஞ்சாம் வரை போய் கிருஷ்ணா கால்வாய்களைத் தொட்டது; தெற்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் தாண்டி, பாலாற்றைக் குறுக்கே கடந்து, மரக்காணத்தில் வந்து நின்றது. மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். கடலுக்கு இணையாக, கடலில் இறங்கத் தேவையில்லாமல், அலைக்கும் புயலுக்கும் ஒதுங்கி, உப்பங்கழிகளை ஒன்றோடொன்று கோத்து எடுத்த ஒரு நீர்வழி.

ஏன் மரக்காணத்தில் வந்து நின்றது? இதற்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி என்பது ஒரு பதில். வலுவான பதில் உப்பு. 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு சர்க்காரின் ஏகபோகமாயிற்று. விளைவிப்பவன் யாராக இருந்தாலும் விற்பவன் கம்பெனி. பிறகு ராணியின் சர்க்கார். விளைந்த இடத்திலிருந்து தலைநகரக் கிடங்குக்கு உப்பைக் கொண்டுபோக மாட்டுவண்டியைவிடச் சுலபமான வழி படகு. உப்புக் கிடங்குக்கு இங்கே கொட்டாரம் என்று பெயர். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் ரயில்வே சரக்கு நிலையம் ஒன்றை ‘சால்ட் கொட்டார்ஸ்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். நம் சொல்லுக்கு இங்கிலீஷ் பன்மை விகுதியை ஒட்டவைத்த அந்தப் பெயரில், இந்தக் கடற்கரையின் நூறு வருஷத்து உழைப்பு உறைந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ரயில் பிடிக்க ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது உப்பின் பெயர் என்று தோன்றும்?

இந்த ஊர் உப்புக்குக் கால்வாயைவிட வயது அதிகம். பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் வந்துவிடுகின்றன. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. அந்தப் பழம்பெருமைக்குள் நுழைந்தால் திரும்பி வர நேரமாகும். அதற்கென்று உள்ளூரில் பிரசங்கிகள் இருக்கிறார்கள்.

கால்வாய்க்குப் பெயர் வந்த கதைதான் நமக்கு வேண்டியது. 1876-78, தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் பல லட்சம் ஜனங்கள் மாண்டுபோனார்கள். அப்போது கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். பஞ்ச நிவாரண வேலையாக, சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றானது அந்தத் துண்டால்தான். அந்தப் பஞ்சத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டவர். அது போதாது என்று சென்னை மாகாணத்து அதிகாரிகளே வாதாடியது சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. மண் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பெயர் கிடைத்தது கோமகனுக்கு. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எல்லாக் கால்வாய்களுக்கும் இதே விதிதான். ஆனால் ‘பாரம்பரிய நீர்வழி’ என்று யாராவது பரவசத்தோடு எழுதும்போது, அந்தப் பாரம்பரியத்தின் அடிமண் பசியால் வெட்டப்பட்டது என்பது நினைவில் இருந்தால் நல்லது.

இனி படகு. இந்தக் கால்வாயில் ஓடியவை தட்டையான அடி கொண்ட மரப் படகுகள். தெற்கிலிருந்து உப்பு, சவுக்கு விறகு. இன்னும் நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல். சென்னையின் அடுப்புகள் வெகுகாலம் எரிந்தது படகில் வந்த சவுக்கால்தான். 1890-ல் மாகாணச் சர்க்கார் கால்வாய்களுக்கும் துறைகளுக்கும் ஒரு சட்டமே போட்டுப் படகுகளைப் பதிவு செய்து சுங்கம் வாங்கியது. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கோல். காற்று எதிர்த்தாலோ கரையில் ஆள் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்க வேண்டும்.

எங்கள் கிளைக்குப் பென்ஷன் வாங்க வரும் ஒரு முதியவர் சிறுவயதில் தகப்பனாரோடு விறகுப் படகு வேலைக்குப் போனவர். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், சென்னை வரை படகில் போய்வந்த அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டேன். என் கேள்வியே அவருக்கு வேடிக்கையாகப் பட்டது. “நான் எங்க தம்பி படகுல போனேன்? கரையிலதான போனேன்” என்றார்.

இதற்குமேல் அவர் சொன்னவை கயிறு, முள், சேறு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ காய்ச்சிய கஞ்சி. பறவைகளைப் பற்றிக் கேட்டேன். “இருந்துது” என்றார். ஒரே சொல். அதில் அலட்சியம் இல்லை. தன்னோடு வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். நாரைக்கு மீன் வேலை, அவருக்குக் கயிற்று வேலை. படகில் உட்கார்ந்து இரு கரையையும் பார்த்துக்கொண்டு போகிறவனுக்குக் கரை ஒரு காட்சி. கரையில் நடக்கிறவனுக்குக் காட்சி என்று ஒன்று உண்டாகவே இடமில்லை. சுற்றுலாப் பிரசுரம் நமக்கு விற்பது படகை என்று நினைக்கிறோம். அது விற்பது படகுக்குள் இருக்கும் அந்த இருக்கையை.

இந்த இருக்கையில் நம் கவிஞர்களும் உட்கார்ந்ததுண்டு. பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து இந்தக் கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் போன பிரயாணம்தான் ‘மாவலிபுரச் செலவு’. கால்வாய் அவர் பாட்டில் புதுச்சேரி வரைக்கும் நீள்கிறது. சர்க்கார் வெட்டியது மரக்காணத்தோடு நின்றுவிட்டது. புதுச்சேரிக்காரரான கவிஞர் தன் ஊரை விட்டுவிட மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் வெட்டிச் சேர்த்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். கவிதைக்கு மண்வெட்டிக் கூலி கிடையாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தோணி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அது பிழைப்புக்கான வாகனமாக இருந்த காலத்தில், ஒருவன் அதில் ஏறிப் பார்த்த பார்வை அது. பிற சரக்குகளோடு கவிஞனும் ஒரு சரக்கு. இன்றைய பயணி ஏறுவது வேறெந்தச் சரக்கும் இல்லாத படகில்.

சரக்கு போனது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் ரயில், பிறகு லாரி. 1965, 1966 புயல்கள் கால்வாயை நன்றாகச் சேதப்படுத்தின. அதற்குப் பிறகு முறையாகத் தூர்வாரிப் படகோட்ட யாருக்கும் மனமில்லை. நகரத்துக்குள் சாக்கடை. 1990-களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2008-ல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களையும், கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் சில பகுதிகளையும், கூடவே எங்கள் கழுவெளியையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதியில் அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் மிதக்கவில்லை. மரக்காணத்து உப்பு லாரியில் போகிறது.

படகுகள் என்னவாயின? கேரளத்தோடு ஒப்பிட்டால்தான் இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். அங்கே குட்டநாட்டிலிருந்து கொச்சிக்கு நெல்லும் மற்ற சரக்கும் சுமந்த கெட்டுவள்ளங்களும் லாரி வந்ததும் வேலையிழந்தன. அயினிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய அற்புதமான வேலைப்பாடு அது. 1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழையில் யாருக்கோ யோசனை தோன்றி, அதன்மேல் மூங்கில் கூரையும் படுக்கையறையும் வைத்தார்கள். இன்று வேம்பநாட்டுக் காயலில் அவை நூற்றுக்கணக்கில். பலவும் புதிதாகவே சுற்றுலாவுக்கென்று கட்டப்பட்டவை. சரக்கு சுமந்த ஞாபகம்கூட அவற்றுக்குக் கிடையாது. டீசல் எண்ணெயும் கழிவும் காயலில் கலக்கின்றன என்ற புகாரும் பழையதாகிவிட்டது.

இதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கயிற்றால் பலகை தைக்கும் கை அங்கே இன்னும் பிழைத்திருப்பது அந்த வியாபாரத்தால்தான். அந்தக் கைக்குக் கூலி கொடுத்தது சுற்றுலாப் பயணியின் பணம். எங்கள் கால்வாய்ப் படகுகளில் ஒன்றைக்கூட மியூசியத்திலும் நான் பார்த்ததில்லை. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாது. மரம் விறகாயிற்று. தூய்மைவாதத்தின் பலன் கடைசியில் சாம்பல் என்றால் கெட்டுவள்ளமே மேல். ஆனால் எதை மீட்டார்கள் என்பதில்தான் என் கேள்வி. பலகையை மீட்டார்கள், கயிற்றை மீட்டார்கள். கடலுக்குக் கீழான மட்டத்தில் வரப்புக் கட்டிக் காயலிலிருந்து வயல் எடுத்த தலித் உழைப்பாளிகளின் நெல்லை அந்த வள்ளம் சுமந்தது என்பதை எந்தப் படுக்கையறைச் சுவரிலும் எழுதிவைக்கவில்லை. திணை அங்கே அப்படியே இருக்கிறது. செய்தியைக் காணோம்.

நம் பக்கத்திலும் சுற்றுலாப் படகுகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-ல் முட்டுக்காட்டில் படகுத்துறை திறந்தது. உப்புப் படகுகள் போய்வந்த அதே நீர்வழியில், சரித்திரத்தின் சாயையே படாத படகுகள். மழைக்காட்டுக்கு அருகில் வருவது பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் குறுகிய ஓடைகளில் துடுப்புப் படகில் போகலாம். 1975-ல் வந்த ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். போனதால் தமிழனுக்கு அந்தக் காடு தெரியவந்தது. அங்கே படகில் போகும்போது, கழுத்தளவு நீரில் ஊர்ந்து, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைச் சில சமயம் பார்க்கலாம். நான் போன படகில் இருந்த ஒருவர் அவர்களைக் கொக்கைப் படம் எடுத்த அதே ஆவலோடு படம் எடுத்தார். தொழில் கண்ணில் பட்டுவிட்டாலும்கூட அந்த இருக்கையிலிருந்து அது காட்டுயிராகத்தான் தெரிகிறது.

இக்கிட்டோஸ் படகுக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் அது நமக்கு இவ்வளவு நேரம் தோன்றியதுபோல் அந்நியமான படகில்லை.

தாது வருஷம் என்றேன். 1876. அதே வருஷம் ஹென்றி விக்காம் என்ற இங்கிலீஷ்காரர் அமேசானிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவற்றில் ஏறக்குறைய 1,900 நாற்றுகள் அவ்வருஷமே இலங்கைக்கு வந்தன. அடுத்த வருஷம் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு. தென்னாற்காட்டில் ஜனங்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் கூலிக்கு அழைக்கப்போகிற மரம் இந்து சமுத்திரத்தைக் கடந்துகொண்டிருந்தது. சரித்திரத்தில் இம்மாதிரிப் பொருத்தங்களை அதிகம் நம்பக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் இதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அமேசானில் அந்தச் சமயம் நடந்தது வேறு. காட்டில் தன்னிச்சையாக வளர்ந்த மரங்களிலிருந்து பால் எடுக்க ஆள் வேண்டும். ஆள் என்றால் அங்கிருந்த பழங்குடிகள். புடுமாயோ நதிப் பக்கம் ஹூலியோ அரானாவின் கம்பெனி, 1907-ல் லண்டனில் பதிவு செய்யப்பட்ட கம்பெனி, ஹுய்ட்டோட்டோ முதலிய இனங்களைச் சவுக்காலும் விலங்காலும் பட்டினியாலும் வேலை வாங்கியதை ரோஜர் கேஸ்மென்ட் 1910-ல் நேரில் போய் விசாரித்தார். 1912-ல் அவருடைய அறிக்கையை பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்டது. (அதே கேஸ்மென்டை நான்கு வருஷம் கழித்து அயர்லாந்துப் புரட்சியில் சேர்ந்ததற்காக அதே சர்க்கார் தூக்கில் போட்டது.) அரானாவின் தலைமையிடம் இக்கிட்டோஸ். அமேசானில் ரப்பர் வெளியே வந்ததும், சாமானும் துரைமார்களும் உள்ளே போனதும் படகில்தான். ஃபிலிம் சொஸைட்டிக்காரர்களுக்கு ஹெர்ஸாகின் ‘ஃபிட்ஸ்கரால்டோ’ ஞாபகம் இருக்கும், 1982. அதிலும் ரப்பர் காலம், அதிலும் ஒரு பழைய படகை விலைக்கு வாங்கிச் செப்பனிடுகிறான் ஒருவன், பிறகு பழங்குடிகளைக் கொண்டு அதை ஒரு மலைமேல் இழுக்கவைக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் படகைப் பற்றியும் ஒபரா பற்றியும் பேசுகிறார்கள். கயிற்றைப் பிடித்தவர்களைப் பற்றிப் பேசியவர் குறைவு.

அந்தப் படகுகளை வேலையற்றுப்போகச் செய்தது யார்? மலேயாவின் தோட்ட ரப்பர். 1913 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அமேசானின் வியாபாரம் கவிழ்ந்தது. மலேயாவின் மரங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தென்னாற்காடு, வடஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி மூலம் போன தமிழர்கள். மரக்காணம் அன்று தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா. அகிலனைப் பற்றி இம்மாதிரிப் பத்திரிகைகளின் அபிப்ராயம் எல்லோரும் அறிந்தது. எனக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் ‘பால்மரக் காட்டினிலே’ என்று நாவலுக்குத் தலைப்பு வைத்தபோது, மலேயாத் தமிழன் அந்த மரத்துக்குக் கொடுத்த பெயரை அவர் கௌரவித்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஜனங்களை ஏற்றிச் சென்ற ‘ரஜூலா’ கப்பல், 1926-ல் கட்டப்பட்டது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டு போய்வந்தது. 1970-களில் அதை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அதன் மேல்தளத்தில் பிரம்பு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

ஆக, இக்கிட்டோஸ் கரையில் துலக்கி நிறுத்தியிருக்கிற அந்தப் படகு சும்மா நின்றுபோனதற்கு இந்தக் கடற்கரைக்காரனின் பால்வெட்டும் கத்தி ஒரு காரணம். ஒரு நதியில் செய்தி முடிந்துபோனதால்தான் இன்னொருவர் வந்து அங்கே பறவை பார்க்க முடிகிறது. அந்த முடிவு நேர்ந்த விதத்தையும் பறவையோடு சேர்த்துப் பார்க்கிற பயணி இருக்கலாம். மியூசியமாகிவிட்ட ஆயாபுவாவில் ரப்பர் காலத்தைச் சொல்ல முற்பட்டிருக்கிறார்கள் என்பதே ஒரு நல்ல அறிகுறி. ஆலப்புழையில் அதுவும் கிடையாது.

இங்கே, கழுவெளியில், எல்லாம் இனிமேல்தான் நடக்க வேண்டும். உப்பங்கழியும் மழைநீரும் கலக்கும் இந்தப் பெரிய நீர்ப்பரப்பில் 5,151 ஹெக்டேரை 2021-ல் பறவைகள் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். எடையந்திட்டு கழிமுகத்தின் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, வடக்கிலிருந்து வரும் வாத்துகள். இறால் பண்ணைகளும் ஆக்கிரமிப்பும் விட்டுவைத்ததைக் காப்பாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது அபிப்ராயம் இல்லை. பழைய கால்வாய்ப் படகைப்போல ஒன்றைச் செய்து மரக்காணத்திலிருந்து விட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் என்று டீக்கடைப் பேச்சிலேயே அடிபடுகிறது. விடட்டும். அதில் ஒரு மூட்டை உப்பையும் ஒரு கட்டுச் சவுக்கையும் ஏற்றி, கரையில் இழுக்கும் கயிற்றையும் கட்டிவைத்து விடட்டும். பறவைகளின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் உப்புக்கு வாங்கிய வரியையும் எழுதிவைக்கட்டும்.

பறவைகள் இங்கே நிறைவது மழைக்காலத்தில், அக்டோபருக்கு மேல். உப்பளத்தில் வேலை நின்றுபோவதும் அதே மாதங்களில்தான். பாத்திகள் முழுகிக் கிடக்கும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெங்கல் புயலில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அளத்தில் கால் வெடித்து நிற்பவர்களுக்கு அந்த மூன்று மாதமும் வருமானம் கிடையாது என்பதால் 2022-லிருந்து அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. கேமராவும் தொலைநோக்கியும் கொண்ட கார்கள் சாலையோரம் நிற்கும் அதே வாரங்களில் அந்தப் பணத்தை எடுக்க அவர்கள் எங்கள் கிளைக்கு வருகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்க வேண்டும். வருஷக்கணக்காக உப்பு அரித்த விரலில் ரேகை சரியாக இருப்பதில்லை. இயந்திரம் ஏற்க மறுக்கும். ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வேன். கட்டைவிரல் விழாவிட்டால் ஆள்காட்டி விரல், வலது கை விழாவிட்டால் இடது கை.